ஐம்பதுக்கு மேல் ஒரு தேசியப் பட்டம்: கனடா மூத்தோர் கர்லிங் போட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன போட்டி? யார் ஆடலாம்?

கனடாவில் ஆண்டுதோறும் நடக்கும் தேசிய அளவிலான கர்லிங் போட்டி இது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள்தான் ஆடலாம். ஆண்களுக்கு ஒரு பட்டம், பெண்களுக்கு ஒரு பட்டம். ஒவ்வொரு மாகாணமும் தன் எல்லைக்குள் போட்டி வைத்து ஓர் ஆண்கள் அணியையும் ஒரு பெண்கள் அணியையும் தேர்ந்தெடுத்து அனுப்பும். பத்து மாகாணங்கள், வடக்கு ஒன்டாரியோ, வடமேற்குப் பிரதேசம், யூகான், நுனாவுட் என்று மொத்தம் பதினான்கு இடங்கள். வடக்கு ஒன்டாரியோ ஏன் தனிக் கணக்கு என்பதற்குக் கீழே பதில் இருக்கிறது.

'மூத்தோர்' என்றதும் பொழுதுபோகாமல் ஆடுகிறவர்களின் ஆட்டம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். பட்டியலை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். உலகச் சாம்பியன்களும் கனடாவின் தேசியச் சாம்பியன்களும் இருபது முப்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்து, பழைய எதிரிகளோடு விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடரும் களம் இது. இளைஞர்களின் பெரிய போட்டிகளைவிட இதன் வரலாறு எனக்குச் சுவையாகத் தோன்றுவதற்கு அதுதான் காரணம்.

கர்லிங்கே பார்த்ததில்லை. இரண்டு நிமிடத்தில் சொல்ல முடியுமா?

சொல்லலாம். சுமார் 45 மீட்டர் நீளமுள்ள பனித்தளம். அதன் இரு கோடியிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள் வரைந்திருக்கும். வெளிவட்டத்தின் விட்டம் 3.66 மீட்டர். இந்த வட்டத்துக்கு 'ஹவுஸ்' என்று பெயர். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரண்டு அணிகளும் மாறி மாறிப் பதினாறு கற்களையும் எதிர்க்கோடிக்குச் சறுக்கி விட்டால் ஓர் 'எண்ட்' முடிந்தது. ஹவுஸின் மையத்துக்கு மிக அருகில் யாருடைய கல் கிடக்கிறதோ அந்த அணிக்குத்தான் அந்த எண்டில் புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட மையத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கு எத்தனை கற்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளி.

கல் என்றால் சாதாரணக் கல் இல்லை. கிட்டத்தட்ட இருபது கிலோ எடையில் மெருகேற்றிய கிரானைட், மேலே ஒரு கைப்பிடி. பெரிய போட்டிகளில் பயன்படும் கற்களுக்கான கிரானைட் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் இருக்கும் எய்ல்சா கிரெய்க் என்ற சின்னத் தீவிலிருந்து வருகிறது. தளத்தின் மேல் தண்ணீரைத் துளித்துளியாகத் தெளித்து உறைய வைத்திருப்பார்கள். கல் அந்தப் பொடிக் கொப்புளங்களின் மேல்தான் ஓடும். விடும்போது கைப்பிடியை லேசாகத் திருகிவிட்டால் போகப்போக ஒரு பக்கமாக வளையும். கல்லுக்கு முன்னால் இருவர் ஓடிக்கொண்டே துடைப்பத்தால் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வளைவும் குறையும்.

ஒரு கல்லை அடித்து இன்னொன்றை வெளியேற்றுவது, நம் கல்லை மறைப்புக்குப் பின்னால் ஒளித்து வைப்பது எல்லாம் கேரம் ஆடியவர்களுக்குப் புதிதாக இருக்காது. ஒரு எண்டில் கடைசிக் கல் யார் கையில் இருக்கிறதோ அவர்களிடம் 'ஹாமர்' இருக்கிறது என்பார்கள். அது பெரிய பலம். அணித் தலைவருக்கு 'ஸ்கிப்' என்று பெயர். பெரும்பாலும் அவர்தான் கடைசி இரண்டு கற்களை விடுவார். எங்கே விட வேண்டும் என்று மற்றவர்களுக்கு வழிகாட்டுவதும் அவரே.

போட்டி எப்போது, எங்கே தொடங்கியது?

1965இல், ஆண்களுக்கு மட்டும். இடம் ஒன்டாரியோ மாகாணத்தின் வடமேற்கில், சுபீரியர் ஏரிக்கரையில் இருந்த போர்ட் ஆர்தர். வரைபடத்தில் இன்று தேடினால் அந்தப் பெயரில் நகரம் கிடைக்காது. 1970இல் பக்கத்திலிருந்த ஃபோர்ட் வில்லியமோடு இணைந்து தண்டர் பே ஆகிவிட்டது. தண்டர் பே என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அதற்கு முன்பே கனடாவில் கர்லிங்குக்கு நீண்ட வரலாறு உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள் 1807இலேயே மாண்ட்ரியலில் சங்கம் வைத்துவிட்டார்கள். ஆண்களுக்கான தேசியப் போட்டியான 'பிரையர்' 1927இல் டொராண்டோவில் தொடங்கியது. 1920களிலும் 30களிலும் பிரையர் ஆடியவர்கள் 1965இல் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் தங்கள் ஊர்ச் சங்கங்களில் குளிர்காலம் முழுக்க ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். இருபத்தைந்து வயது ஆட்களை முந்தி மாகாணப் பட்டம் வெல்வது மட்டும்தான் அவர்களுக்கு முடியாமல் போனது. ஒரு முழுத் தலைமுறை ஆட்டக்காரர்கள் தயாராக இருந்தார்கள், அவர்களுக்கென்று ஒரு போட்டி இல்லை. அந்த இடத்தை 1965 நிரப்பியது.

முதல் பட்டம் யாருக்கு?

மானிடோபா மாகாணத்துக்கு. ஸ்கிப், வின்னிபெக்கைச் சேர்ந்த லியோ ஜான்சன்.

இதே லியோ ஜான்சன் 1934இல் பிரையர் வென்ற மானிடோபா அணியின் ஸ்கிப். முப்பத்தொரு ஆண்டு கழித்து இன்னொரு தேசியப் பட்டம். இடையில் ஒரு உலகப்போர் முடிந்திருந்தது. அவர் ஆடிய நாளில் பிரையர் டொராண்டோவை விட்டு வெளியே போனதே இல்லை. அது முதன்முதலாக வேறு ஊருக்குப் போனது 1940இல், அவருடைய சொந்த ஊரான வின்னிபெக்குக்கு.

அந்தக் காலத்துத் துடைப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இன்றைய ஆட்டக்காரர்கள் கையில் இருப்பது நீண்ட குச்சியின் நுனியில் துணி சுற்றிய மெத்தை. அதை அழுத்தித் தேய்ப்பார்கள். 1965இல் கனடாவில் இருந்தது சோளக் கதிர்த்தட்டையால் கட்டிய துடைப்பம், வீடு பெருக்கும் துடைப்பத்தின் அண்ணன். அதை வைத்துத் தேய்க்க முடியாது, பனியை அறைய வேண்டும். இடமும் வலமுமாக விசிறி அறையும்போது அரங்கம் முழுவதும் சட்டச்சட்டவென்று கேட்கும். தட்டைத் துணுக்குகள் உதிர்ந்து தளமெங்கும் கிடக்கும். ஓடுகிற கல்லின் அடியில் ஒரு துணுக்கு சிக்கினால் கல் திடீரென்று திசை மாறும், விட்டவர் தலையில் கை வைத்துக்கொள்வார். முதல் மூத்தோர் போட்டியின் ஆட்டக்காரர்கள் வாழ்நாள் முழுவதும் இந்தத் துடைப்பத்தோடு ஆடியவர்கள். தோள்பட்டைக்கு அது என்ன வேலை வைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெண்களுக்கு எப்போது வந்தது?

1973இல். எட்டு ஆண்டு தாமதம்.

இதிலும் ஒரு நியாயம் கற்பிக்கலாம். பெண்களுக்கான தேசியப் போட்டியே 1961இல்தான் வந்தது, பிரையருக்கு முப்பத்துநான்கு ஆண்டு கழித்து. முதல் பட்டம் சஸ்காட்செவனின் ஜாய்ஸ் மெக்கீ அணிக்கு. அதில் ஆடியவர்கள் ஐம்பதைத் தொடக் கொஞ்ச காலம் ஆகத்தானே வேண்டும் என்று சொல்லலாம். எனக்கு இந்த நியாயம் ஒட்டவில்லை. போட்டி இல்லாத காலத்திலும் பெண்கள் சங்கங்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். தேசிய மேடைதான் அவர்களுக்குத் திறக்கவில்லை.

1973இன் முதல் மகளிர் பட்டம் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஏடா காலஸ் அணிக்குப் போனது. அந்த மாகாணத்தின் மலைப்பகுதியில் உள்ள கிம்பர்லி என்ற சுரங்க ஊரைச் சேர்ந்தவர். 1962இலும் 1964இலும் கனடாவின் மகளிர் பட்டத்தை வென்ற இனா ஹேன்சன் அணியில் ஆடியவர். ஆண்களில் லியோ ஜான்சன் என்றால் பெண்களில் ஏடா காலஸ். இரு பக்கமும் முதல் மூத்தோர் பட்டம் முன்பே தேசியப் பட்டம் ருசித்தவர்கள் கைக்கே போனது.

பல ஆண்டுகள் ஆண்கள் போட்டி ஓர் ஊரிலும் பெண்கள் போட்டி வேறோர் ஊரிலும் நடந்தன. 1980களின் நடுவிலிருந்து இரண்டும் சேர்ந்து ஒரே ஊரில் நடக்கின்றன.

செலவை யார் ஏற்றார்கள்?

தொடக்கத்தில் ஆண்கள் போட்டிக்குப் பின்னால் நின்றது சீகிராம் மதுபான நிறுவனம். கனடா கர்லிங்கின் புரவலர் பட்டியலே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. பிரையருக்கு மெக்டொனால்ட் புகையிலை நிறுவனம், 1980இலிருந்து லபாட் பீர், மூத்தோருக்கு விஸ்கி. குளிர்நாட்டில் ஆட்டம் முடிந்தால் எங்கே போய் உட்கார்வார்கள் என்பது புரவலர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஜெயித்த அணி தோற்ற அணிக்கு ஒரு கோப்பை வாங்கித் தருவது கர்லிங்கில் பழைய வழக்கம், இன்றும் உண்டு.

2010களில் புரவலராக வந்தது எவரெஸ்ட். இறுதிச் சடங்கு ஏற்பாடுகளில் குடும்பங்களுக்கு உதவும் நிறுவனம் அது. ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களின் போட்டிக்கு இப்படியொரு புரவலரா என்று கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆட்டக்காரர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அரங்கப் பலகையில் பெயர் இருந்தது, ஆட்டம் நடந்தது.

வடக்கு ஒன்டாரியோ ஒரு மாகாணமே இல்லையே, ஏன் தனி அணி?

மாகாணம் இல்லைதான். 1927இல் முதல் பிரையர் நடந்தபோதே வடக்கு ஒன்டாரியோ தனி அணியாக வந்துவிட்டது. தண்டர் பேயிலிருந்து டொராண்டோவுக்குச் சாலைவழி சுமார் 1,400 கிலோமீட்டர். அண்டை மாகாணமான மானிடோபாவின் தலைநகர் வின்னிபெக் அதில் பாதித் தூரம்தான். ஒரு தகுதிச் சுற்றுக்காகப் பனிக்காலத்தில் இவ்வளவு தூரம் வந்து போ என்று யாரிடம் சொல்வது? பின்னாளில் சலுகையை எடுத்துவிடலாம் என்று யாராவது நினைத்திருந்தாலும், வடக்கின் அணிகள் பட்டங்களை வென்று அந்த வாயை அடைத்துவிட்டன.

இந்தப் போட்டியின் வரலாற்றில் மறக்க முடியாத கதை எது?

என்னைக் கேட்டால் ஆல் ஹாக்னர், பாட் ரயன் கதைதான். அது முழுக்க மூத்தோர் போட்டியில் நடந்ததும் இல்லை. தொடக்கம் 1985இல், நியூ பிரன்ஸ்விக்கின் மாங்க்டன் நகரில்.

அந்த ஆண்டு பிரையர் இறுதி. ஒரு பக்கம் வடக்கு ஒன்டாரியோவின் ஹாக்னர், தண்டர் பேக்காரர். எதற்கும் பதறாத முகம் என்பதால் 'ஐஸ்மேன்' என்ற பெயர். எதிரே ஆல்பர்ட்டாவின் பாட் ரயன். பத்தாவது, அதாவது கடைசி எண்ட். ஆல்பர்ட்டா 5–3 என்று முன்னிலை. கடைசிக் கல் ஹாக்னர் கையில். இரண்டு புள்ளி எடுத்தால் ஆட்டம் நீளும், இல்லையென்றால் அங்கேயே முடிந்தது.

ஹவுஸில் ரயனின் இரண்டு கற்கள் ஒன்றுக்கொன்று தள்ளிக் கிடந்தன. இரண்டையும் ஒரே கல்லால் வெளியேற்ற வேண்டும். முதல் கல்லின் விளிம்பை மயிரிழை அளவு மட்டும் உரச வேண்டும். அரை அங்குலம் கூடுதலாகப் பட்டால் இரண்டாவது கல் தப்பிவிடும், பட்டதே குறைந்தால் முதலாவது அசையாது. ஹாக்னர் விட்டார், இரண்டும் வெளியே போயின. கணக்கு 5–5. கூடுதல் எண்டில் வடக்கு ஒன்டாரியோ ஒரு புள்ளியைத் திருடி, அதாவது ஹாமர் இல்லாமலே எடுத்து, 6–5 என்று வென்றது. இன்றும் கனடாவில் யாராவது 'அந்த ஷாட்' என்றால் இதைத்தான் சொல்கிறார்கள்.

ரயன் அதோடு ஓயவில்லை. 1988இலும் 1989இலும் ஸ்கிப்பாக பிரையர் வென்றார். அவருடைய முறை எளிது: முன்னிலை கிடைத்ததும் எதிரி வைக்கும் ஒவ்வொரு கல்லையும் அடித்து வெளியேற்றித் தளத்தைக் காலியாக வைத்திருப்பது. 1989இல் சஸ்காட்டூனில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிக் ஃபோக்கை 3–2 என்று தோற்கடித்த இறுதி ஆட்டத்தில் கூட்டம் 'போரிங், போரிங்' என்று கத்தியது. வெற்றிக்காரரைப் பார்த்து அப்படிக் கத்திய கூட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சலிப்பிலிருந்துதான் ஹவுஸுக்கு முன்னால் நிற்கும் காவல் கற்களை எண்டின் தொடக்கத்தில் அடித்து அகற்றக் கூடாது என்ற விதி வேர்விட்டது. ரஸ் ஹோவர்ட் தன் பயிற்சியில் கண்டுபிடித்த யோசனை அது. 1990இல் நடந்த ஒரு போட்டியில் சோதித்தார்கள், அதுவும் மாங்க்டனில்தான். அதனால் 'மாங்க்டன் விதி' என்ற பெயரே நிலைத்தது. இன்னொரு வேடிக்கை: 3–2 ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற ரயனும் ஃபோக்கும் பிறகு ஒரே அணியில் சேர்ந்து 1994இல் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்காக பிரையரும் உலகப் பட்டமும் வென்றார்கள்.

இனி மூத்தோர் போட்டிக்கு வருவோம். 2006இல் கனடா மூத்தோர் பட்டம் வடக்கு ஒன்டாரியோவின் ஆல் ஹாக்னருக்கு. அடுத்த ஆண்டு, 2007இல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பாட் ரயனுக்கு. மாங்க்டனில் ஒருவர் கல்லுக்கு இன்னொருவர் மூச்சைப் பிடித்து நின்று இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. ஒருவர் பெயரை அடுத்து மற்றவர் பெயர் கோப்பையில் ஏறியது. ரயன் அதற்கடுத்த ஆண்டு ஃபின்லாந்தில் உலக மூத்தோர் பட்டத்தையும் எடுத்துவிட்டார். அந்த வகையில் கடைசிக் கல் அவருடையது என்றுகூடச் சொல்லலாம், தண்டர் பேக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தொடர்ந்து பலமுறை வென்றவர்கள் உண்டா?

ஆண்களில் மானிடோபாவின் லாயிட் குன்லாக்ஸன் 1982, 1983, 1984 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வென்றார். பெண்களில் சஸ்காட்செவனின் ஷெர்ரி ஆண்டர்சன் 2017, 2018, 2019 என்று மூன்று. ஆண்டர்சன் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை.

ஐம்பது வயதுப் போட்டியில் தொடர்ந்து வெல்வது ஒருவிதத்தில் மற்றப் போட்டிகளைவிடக் கடினம். ஒவ்வோர் ஆண்டும் அப்போதுதான் ஐம்பதைத் தொட்ட புதிய ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டே இருப்பார்கள். அவர்களில் சிலர் போன ஆண்டு வரை இளைஞர்களோடு மாகாணப் போட்டி ஆடியவர்கள். சாம்பியனுக்கு ஒரு வயது கூடும், எதிரே வருகிறவர்களுக்கு எப்போதும் ஐம்பதுதான்.

பெண்கள் பக்கம் ஹாக்னர், ரயன் போல ஒரு கதை இல்லையா?

உண்டு, அவ்வளவாகப் பேசப்படவில்லை. நோவா ஸ்கோஷியாவின் கொலீன் ஜோன்ஸ் 1982இல் தேசிய மகளிர் பட்டம் வென்றபோது வயது இருபத்திரண்டு. அதுவரை அவ்வளவு இளம் ஸ்கிப் யாரும் அதை வென்றதில்லை. பிறகு நீண்ட இடைவெளி. 1999இல் மறுபடி, அதன்பின் 2001 முதல் 2004 வரை தொடர்ந்து நான்கு முறை. மொத்தம் ஆறு தேசியப் பட்டங்கள், இரண்டு உலகப் பட்டங்கள். இதோடு கனடாவின் சிபிசி தொலைக்காட்சியில் வானிலையும் விளையாட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், வேலை நேரம் போகப் பயிற்சி. வீட்டில் பிள்ளைகளும் உண்டு.

அந்த நான்கில் ஒன்றான 2002 இறுதியில் ஜோன்ஸிடம் தோற்ற ஸ்கிப் யார் தெரியுமா? ஷெர்ரி ஆண்டர்சன்.

2016இல் ஜோன்ஸ் கனடா மூத்தோர் பட்டத்தை வென்றார். முதல் தேசியப் பட்டத்துக்கும் இதற்கும் முப்பத்துநான்கு ஆண்டு. 2017இல் ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரில் நடந்த உலக மூத்தோர் பட்டமும் அவருக்கே. அதே 2017இல் கனடா மூத்தோர் பட்டத்தை ஆண்டர்சன் எடுத்தார், மேலே சொன்ன மூன்று தொடர் வெற்றிகள் அங்கேதான் தொடங்கின.

ஆல்பர்ட்டாவின் கேத்தி கிங்கையும் விட முடியாது. 1977, 1978இல் கனடா ஜூனியர் பட்டம், 1998இல் தேசிய மகளிர் பட்டம், பிறகு மூத்தோர் பட்டம், 2013இல் உலக மூத்தோர் பட்டம். ஜூனியர், தேசியம், மூத்தோர் மூன்றையும் வென்ற முதல் பெண் அவர்தான். பதின்பருவத்தில் ஆடிய அதே ஆட்டத்தை ஐம்பதுக்கு மேலும் நாட்டிலேயே முதலாக ஆடுவது எத்தனை விளையாட்டில் நடக்கும்?

உலகப் போட்டிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உலக மூத்தோர் கர்லிங் போட்டி 2002இல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் உள்ள பிஸ்மார்க் நகரில் தொடங்கியது. கனடா மூத்தோர் பட்டம் வென்ற அணி அடுத்த ஆண்டு உலகப் போட்டிக்கு நாட்டின் அணியாகப் போகும். அதனால்தான் பட்டியல்களில் எப்போதும் ஓராண்டு இடைவெளி தெரியும்: ரயன் 2007இல் கனடாவில், 2008இல் உலகில். ஜோன்ஸ் 2016, 2017. இதைக் கவனிக்காமல் ஆண்டுகளைக் குழப்பி எழுதுகிறவர்கள் நிறைய.

கனடாவே எப்போதும் வெல்லும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கா, ஸ்காட்லாந்து, ஸ்வீடன் எல்லாம் வென்றிருக்கின்றன. 2012இல் ஆண்கள் பட்டம் அயர்லாந்துக்குப் போனது, ஸ்கிப் ஜான்ஜோ கென்னி. கர்லிங் தளங்களுக்கே பஞ்சமான நாடு அது. பெண்களில் மட்டும் கனடாவின் கை நன்றாகவே ஓங்கியிருக்கிறது.

ஐம்பது வயதை 'மூத்தோர்' என்பது பொருத்தமா?

மாங்க்டன் விதியைத் தந்த ரஸ் ஹோவர்ட்டிடம் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். 1956 பிப்ரவரி 19 அன்று பிறந்தவர். 2006இல் இத்தாலியின் டுரின் குளிர்கால ஒலிம்பிக்கில் நியூஃபவுண்ட்லாந்தின் பிராட் குஷு அணியில் ஆடினார். அணியில் மற்றவர்கள் இருபதுகளில் இருந்தார்கள். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஹோவர்ட்டுக்கு ஐம்பது நிறைந்தது. ஐந்து நாள் கழித்துத் தங்கப் பதக்கம். ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடியர்களில் மிக மூத்தவர் என்று அப்போது எழுதினார்கள். கர்லிங் அகராதியில் ஒரு 'மூத்தோர்' ஆட்டக்காரர் ஒலிம்பிக் தங்கம் வென்றிருக்கிறார் என்பதே என் பதில்.

ஆனாலும் வயது ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். தேய்ப்பவர்களின் இதயத் துடிப்பு ஏறுகிறது, இறங்கத் தாமதமாகிறது. குந்தி உட்கார்ந்து சறுக்கும்போது முழங்கால் முனகுகிறது. ஒரு வாரம் முழுக்க, சில நாள் இரண்டு ஆட்டம் என்று ஆட வேண்டும். பிரையரில் பத்து எண்ட் என்றால் மூத்தோர் போட்டியில் எட்டோடு நிறுத்திக்கொள்வதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். பலத்தில் குறைவதைத் தளத்தைப் படிக்கும் கண் ஈடுகட்டும். எந்தப் பக்கம் பனி மந்தமாக இருக்கிறது, ஆட்டத்தின் பிற்பாதியில் கொப்புளம் தேய்ந்து கல் எவ்வளவு வளையும் என்பதெல்லாம் முப்பது குளிர்காலம் ஆடினால்தான் கைக்கு வரும். கடைசிக் கல்லை விடும் ஸ்கிப்புக்குத் தேய்க்கும் வேலையும் குறைவு. பெரிய பெயர்கள் ஐம்பதுக்கு மேலும் ஸ்கிப்பாகவே மின்னுவதில் ஆச்சரியம் இல்லை.

போட்டி எப்போதாவது நின்றிருக்கிறதா?

2020இல் கொரோனாவால் ரத்தானது. வயதானவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதல் என்று உலகமே அஞ்சிய நேரம், அதனால் யாரும் முணுமுணுக்கவில்லை. 2021இல் மறுபடி தொடங்கியபோது, அதுவரை வழக்கமாக இருந்த மார்ச்சுக்குப் பதிலாக டிசம்பரில் நடத்தினார்கள்.

தொலைக்காட்சியில் பார்க்கலாமா?

பிரையர் அளவுக்கு எதிர்பார்க்க வேண்டாம். அங்கே பெரிய அரங்கு, நேரடி ஒளிபரப்பு, ஆயிரக்கணக்கில் கூட்டம். மூத்தோர் போட்டி பெரும்பாலும் ஊர்க் கர்லிங் சங்கத்தின் கட்டடத்திலேயே நடக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து கையில் காப்பியோடு பார்க்கலாம். புள்ளிப் பலகையை மாற்றுவதிலிருந்து சூப் ஊற்றுவது வரை உள்ளூர்த் தன்னார்வலர்கள்தான். ஆட்டம் முடிந்து பத்து நிமிடத்தில் முன்னாள் உலகச் சாம்பியன் உங்கள் பக்கத்து மேசையில் வந்து உட்கார்ந்திருப்பார். எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த நாற்காலிதான்.

அறுபது ஆனால் விடைபெற வேண்டியதுதானா?

இல்லை. அறுபது கடந்தவர்களுக்கு 'மாஸ்டர்ஸ்' என்று தனியாக ஒரு தேசியப் போட்டி இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர் மூத்தோர் போட்டியிலும் தாராளமாக ஆடலாம், வயதுக்குக் கீழ்வரம்புதான் உண்டு.

குந்தவே முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. கைப்பிடியில் மாட்டும் ஒரு நீண்ட குச்சி உண்டு. அதை வைத்து நின்றபடியே நடந்து கல்லைத் தள்ளி விடலாம். முழங்கால் மாற்று அறுவை செய்தவர்கள், முதுகுவலிக்காரர்கள் பலர் இப்படித்தான் தொடர்கிறார்கள். இருவர் மட்டும் கொண்ட அணிகள் குச்சியால் மட்டுமே ஆடும் வகையும் கனடாவில் வளர்ந்து, அதற்கும் தேசியப் போட்டி வந்துவிட்டது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: நால்வர் ஆட்டத்தில் குச்சியை எடுத்தவர் அந்த ஆட்டம் முழுவதும் எல்லாக் கல்லையும் குச்சியால்தான் விட வேண்டும். கடைசி எண்டில் நெருக்கடி வந்ததும் குச்சியைப் போட்டுவிட்டுப் பழையபடி சறுக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால் விதி விடாது.